வானிலிருந்து பயிரின் பசுமையைக் கணக்கிடுவது எப்படி?

பயிர் செழிப்பாக இருக்கிறதா, வாடி நிற்கிறதா என்பதை வரப்பில் நடந்து பார்த்துத் தெரிந்து கொள்வதே விவசாயிகளின் வழக்கம். இன்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டும் இதைக் கணக்கிடுகிறார்கள். பயிர்ப் பரப்பையும் பயிரின் நிலையையும் மதிப்பிட இப்படங்கள் பயன்படுவதால், இக்கணக்கு எப்படிப் போடப்படுகிறது, எங்கே தவறக் கூடும் என்பதைச் சிறு விவசாயிகளும் அறிந்திருப்பது நல்லது.

ஒரே வயலுக்குப் பல படங்கள்

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் சென்டினல்-2 வகைச் செயற்கைக்கோள்களை 2015-லும் 2017-லும் ஏவியது. இவ்வகைச் செயற்கைக்கோள் நிலத்தை 13 ஒளிப்பட்டைகளில் தனித்தனியே படம் பிடிக்கிறது. இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஒரே இடத்தை 5 நாட்களுக்கு ஒரு முறை எடுக்கும். படங்கள் இலவசம்.

இவற்றில் பயிருக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று சிவப்பு ஒளி. மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக் கொள்ளும். அகச்சிவப்பைப் பெருமளவு திருப்பி அனுப்பும். இலை மஞ்சளித்தால் இந்த வித்தியாசம் குறைந்து விடும்.

கணக்கு முறை

படம் முழுவதும் சிறு கட்டங்களால் ஆனது. மேற்கூறிய இரு பட்டைகளிலும் ஒரு கட்டம் 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அதாவது சுமார் இரண்டரை சென்ட். ஏக்கருக்கு ஏறத்தாழ 40 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, அந்த விடையை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்.

உதாரணமாக, செழித்த பயிரில் அகச்சிவப்பு 45 சதம், சிவப்பு 5 சதம் திரும்பி வந்தால், 40-ஐ 50-ஆல் வகுக்க 0.80 கிடைக்கும். வாடிய பயிரில் 28, 12 என்றால் 16-ஐ 40-ஆல் வகுக்க 0.40 தான். தேங்கிய நீரில் விடை பூஜ்யத்துக்கும் கீழே போகும்.

கோடிக்கணக்கான கட்டங்களுக்கு இதைக் கையால் போட முடியாது. நில வரைபடங்களையும் படங்களையும் சேர்த்து வைக்கும் தரவுத்தளம் என்ற கம்ப்யூட்டர் ஏற்பாடு இதைச் செய்கிறது. போஸ்ட்ஜிஸ் என்பது இவ்வகையில் இலவசமாகக் கிடைக்கும் ஒன்று. வயலின் எல்லைக்கோட்டைப் படத்தின் மேல் பொருத்தி, எல்லைக்குள் விழும் கட்டங்களை மட்டும் எடுத்துக் கணக்கிடலாம்.

தவறு நேரும் இடங்கள்

1. விடையை முழு எண்ணாக மட்டும் பதியும்படி விட்டு விட்டால், புள்ளிக்குப் பிந்தியது வெட்டப்படும். 0.80, 0.40 இரண்டுமே 0 ஆகி, நல்ல வயலும் வாடிய வயலும் ஒன்றாகி விடும்.

2. 20 சென்ட் வயலின் பரப்பு 8 கட்டங்களே. முழுவதும் வயலுக்குள் விழும் கட்டங்கள் பெரும்பாலும் நான்கு கிடைத்தாலே அதிகம். மற்றவற்றில் வரப்பும் மரமும் கலந்திருக்கும். வரப்புத் தென்னையின் பசுமை, வாடிய பயிரையும் செழிப்பாகக் காட்டி விடும். ஆகையால் ஓரக் கட்டங்களை நீக்கிக் கணக்கிடுவதே சரி.

3. மேகம் மூடிய கட்டங்களை விலக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல பயிரும் கெட்டதாகத் தெரியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சம்பாப் பயிருக்கு இது பெரும் இடைஞ்சல். ரேடார் படங்களுக்கு மேகம் தடையில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெல் பரப்பை மதிப்பிட ரேடார் படங்களைப் பயன்படுத்தியுள்ளது.

4. நடவு முடிந்து நீர் நிற்கும்போதும், கதிர் முற்றும்போதும் எண் தாழ்வது இயற்கை. அது நோயல்ல. ஒரே வயதுப் பயிர்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

விவசாயிகள் செய்ய வேண்டியது

எண் குறைந்தால் காரணம் தண்ணீரா, தழைச்சத்தா, பூச்சியா என்று படம் சொல்லாது. வயலில் இறங்கிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். புல வரைபடத்தில் எல்லை சரியாக இருக்கிறதா, அடங்கலில் பயிர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று சரிபார்த்துக் கொள்வது அவசியம். விதைப்பு, நடவு தேதிகளையும் குறித்து வைத்துக் கொள்ள வேண்டும். எல்லைக்கோடு பிசகினால், அடுத்த வயலின் பசுமை இந்த வயலின் கணக்கில் ஏறி விடும்.