தெமோதரை காட்டும் வழி

பதுளைப் பக்கத்து மலைச்சரிவுகளில் உள்ள லயங்கள் பலவற்றுக்குப் படிக்கட்டே வழி. கால் தளர்ந்த முதியவர் ஆஸ்பத்திரிக்குச் செல்வதெனில் இருவர் தூக்கியாக வேண்டும். பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு வழி அமைக்க 2006இல் விதிகள் வந்தன. லயத்து வாசலை அவை எட்டவில்லை.

நகரத்து மாடி வீட்டார் மின்தூக்கி வைக்கலாம். மின்சாரம் நின்றால் கையால் இறக்கும் அமைப்பும் அதில் இன்றியமையாதது. லயத்திலோ சக்கர நாற்காலிக்குச் சாய்தளமே ஏற்றது. ஓர் அடி ஏற 12 அடி நீளம் என்பது கணக்கு. 3 அடிக்கு 36 அடி! இடம் ஏது என்பீர்கள். தெமோதரையை நோக்குக: பதுளையிலிருந்து வரும் புகையிரதம் நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்திற் புகுந்து, மலையை வளைத்தேறி, அந்நிலையத்தையே அடைகிறதன்றோ? சாய்தளத்தையும் அவ்வாறே மடக்கிக் கட்டலாம். திருப்பத்தில் 5 அடிச் சமதளம் விடுக. நாற்காலி திரும்ப அது போதும். மழையில் வழுக்காதவாறு மேற்பரப்பு சொரசொரப்பாக இருத்தல் வேண்டும்.