உருமாறும் ஃப்ளூவும் ஆண்டுதோறும் ஊசியும்

ஹஜ்ஜுக்குப் புறப்படும் உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுமாறு கூறிப் பாருங்கள். "உம்ராவுக்குப் போனபோதுதான் போட்டேனே, மறுபடியும் எதற்கு?" என்பார். நியாயமான கேள்விதான். தட்டம்மை ஊசிக்கு இல்லாத இந்த ஆண்டுக்கொரு தொல்லை ஃப்ளூவுக்கு மட்டும் ஏன்?

ஃப்ளூ வைரஸின் மேற்பரப்பில் ஹீமக்ளூட்டினின் என்னும் புரதம் முட்களைப் போல் நீட்டிக்கொண்டிருக்கிறது. நம் உடல் இக்கிருமியை அடையாளம் கண்டு எதிர்ப்பது பெரும்பாலும் அதனைக் கொண்டே. ஆனால் இவ்வைரஸ் பெருகும்போது தன் மரபணுவைப் பிழையின்றிப் படியெடுப்பதில்லை. சிறு பிழைகள் சேர்ந்து சேர்ந்து முட்களின் வடிவம் மாறிவிடுகிறது; உடல் பழகிய முகம் வேறு முகமாகிவிடுகிறது.

இம்மாற்றத்தைக் கண்காணிக்க 1952 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் ஆய்வகங்களின் கூட்டமைப்பு ஒன்று இயங்கிவருகிறது. நம் நாட்டில் புனேயிலுள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனம் அதில் பங்குபெறுகிறது. நோயாளிகளின் மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரிகளிலிருந்து வைரஸின் மரபணு வரிசையைப் படிக்கின்றனர். அதுமட்டும் போதாது, ஓர் எழுத்து மாறினால் பொருள் மாறியே தீரும் என்பதில்லை அல்லவா? ஆகவே, கீரியைப் போன்ற ஃபெரட் என்னும் விலங்குக்குப் பழைய வைரஸைச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருள் புதிய வைரஸைத் தடுக்கிறதா எனச் சோதிக்கின்றனர்.

வட அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியிலும் தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரிலும் அறிஞர்கள் கூடி, ஊசியில் இடம்பெற வேண்டிய வைரஸ்களைப் பரிந்துரைக்கின்றனர். தயாரிப்புக்கு ஏறத்தாழ ஆறு மாதம் ஆகிறது. அதற்குள் வைரஸ் சும்மா இருக்குமா?

2014இல் இருக்கவில்லை. எச்3 என்2 வகைக்கு, 2012இல் டெக்சாஸில் கண்டறியப்பட்ட வைரஸைப் பிப்ரவரியில் தேர்ந்தெடுத்தனர். மார்ச் மாத இறுதியில் மாறிய வைரஸ்கள் கண்ணில் பட்டன. ஆனால் முடிவை மாற்றக் காலம் கடந்திருந்தது. அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்காவில் பரவிய எச்3 என்2 வைரஸ்களில் பெரும்பாலானவை அம்மாறியவையே. ஊசியின் பயன் 20 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. மருத்துவமனைகளை நிறைத்தவர்களுள் முதியோரே மிகுதி.

கண்காணிப்பு சில வேளை நற்செய்தியும் தருகிறது. பி வகையின் யமகட்டா பிரிவு 2020 மார்ச்சுக்குப் பின் எங்கும் உறுதியாகக் காணப்படவில்லை. எனவே அதனை ஊசியிலிருந்து நீக்கலாம் என 2023இல் அறிவித்தனர்.

உங்கள் பெரியவருக்கு ஊசி வாங்கும்போது, அது எந்தப் பருவத்துக்கு உரியது என உறையில் பாருங்கள். பயணத்துக்கு இரு வாரங்களுக்கு முன்பே போட்டுவிடுங்கள். எதிர்ப்பாற்றல் உருவாக அவ்வளவு நாள் ஆகும்.