செவியே மின்னை உண்கிறது

உலகச் சாலைகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11.9 இலட்சம் பேர் உயிரிழக்கின்றனர் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை. அவர்களுள் நூற்றுக்கு 23 பேர் நடந்து சென்றோர். 6 பேர் மிதிவண்டியில் சென்றோர். ஊர்திக்குள் இருப்பவரைக் காக்க எஃகுக் கூடும் காற்றுப்பையும் உண்டு. நடப்பவருக்குத் தம் கண்ணும் காதுமே காவல். மதிலுக்கு அப்பால் திரும்பி வரும் ஊர்தியைக் கண் காணாது. மின்னூர்தி மெல்ல அணுகினால் காதும் அறியாமற்போகலாம். இக்குறையை நிரப்பவே, தாம் நிற்கும் இடம், செல்லும் திசை, வேகம் ஆகியவற்றை 5.9 கிகாஎர்ட்சு அலைவரிசையில் விடாது அறிவிக்கும் கம்பியில்லாக் கருவிகளைப் பொறியாளர்கள் வகுத்தனர். ஊர்தியில் பொருத்திய கருவிக்கு மின்பஞ்சம் இல்லை. நடப்பவரின் கருவியோ சட்டைப்பையில் உள்ள திறன்பேசி. மாலைக்குள் அதன் மின்கலம் வறண்டால், இருள் கவிந்து இடர் மிகும் வேளையில் காவல் அற்றுப்போகும்.

மின்னை மிகுதியாக உண்பது எது? அலையை வீசும் செயலே என்று எண்ணத் தோன்றும். கணக்கு வேறு கூறுகிறது.

கைப்பேசித் தரநிலைகளை வகுக்கும் ‘மூன்றாம் தலைமுறைக் கூட்டாண்மைத் திட்டம்’ ஐந்தாம் தலைமுறைக் கருவிகளின் மின்செலவை ஒப்பிட ஓர் அளவுகோலை 2019-இல் அமைத்தது. கருவி ஆழ்ந்து உறங்கும்போது செலவு 1 அலகு எனக் கொண்டால், செய்தி ஏதும் வருகிறதா என்று செவிமடுத்திருக்க 100 அலகு. 200 மில்லிவாட் முழு வலிமையில் அலைபரப்ப 700 அலகு. அது கோபுரத்தோடு பேசும் கருவிக்கென வகுத்த அளவுகோல். நேரடித் தொடர்பில் எண்கள் ஓரளவு மாறலாம். ஆயினும் விகிதத்தைக் காண அது போதும். நடப்பவரின் கருவி நொடிக்கு ஒருமுறை, ஒரே மில்லிநொடி பேசுகிறது என்க: செலவு 700. அந்நொடி முழுதும் செவிமடுத்தால் 1,00,000! வாய் உண்பது ஒரு பிடி. செவி உண்பது ஒரு பானை.

பேசுவதற்கு முன் ஏன் செவிமடுக்க வேண்டும்? ஊர்திகள் கோபுரத்தின் துணையின்றி நேரடியாகப் பேசிக்கொள்ளும் முறையில், யார் எப்போது பேசுவது என்று முறைவைக்க ஒருவரும் இல்லை. எனவே ஒவ்வொரு கருவியும் கடந்த 1000 மில்லிநொடிகளில் பிறர் கைக்கொண்ட நேரத்துண்டுகளைக் கவனித்து, வெறுமையாக இருக்கக்கூடிய துண்டொன்றைத் தனக்கெனத் தெரிந்துகொள்கிறது. ஊர்திக்கு இது எளிது. சட்டைப்பைக் கருவிக்கு இதுவே பெருஞ்சுமை.

கூட்டாண்மைத் திட்டத்தின் தரநிலைகளில் ஊர்தித் தொடர்பை முதன்முதலாக உள்ளடக்கிய 14ஆம் வெளியீடு 2017-இல் நிறைவுற்றபோதே, நடப்போரின் கருவிக்கு இரண்டு சலுகைகள் கிடைத்தன. ஒன்று, செவிமடுக்காமலே குருட்டாம்போக்கில் ஒரு துண்டைத் தெரிந்து பேசிவிடுதல். மற்றொன்று, தான் பேசக்கூடிய சில துண்டுகளை முன்னரே குறித்துக்கொண்டு அவற்றுக்கு நேரான கணங்களில் மட்டும் விழித்துச் செவிமடுத்தல். நூறு மில்லிநொடிக்குப் பத்து மில்லிநொடி விழித்திருந்தால் செலவு பத்தில் ஒன்றாகும் என்று மனக்கணக்குக் கூறும். ஆனால் விழிப்பதற்கும் விலை உண்டு. ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்வர 20 மில்லிநொடியும் 450 அலகு ஆற்றலும் வேண்டும் என்கிறது அதே அளவுகோல். நொடிக்குப் பத்துமுறை விழித்தால் அதற்கே 4,500 அலகு. அனைத்தையும் கூட்ட ஏறத்தாழ 16,000 வருகிறது. பத்தில் ஒன்றன்று, ஆறில் ஒன்றே. குருட்டாம்போக்கு முறையிலோ ஒருமுறை விழித்து ஒருமுறை பேசினால் போதும். செலவு 2,100 அளவில் அடங்கும்.

அப்படியானால் குருட்டாம்போக்கே சிறந்ததா? ஆளரவம் குறைந்த சாலையில் ஆம். பள்ளி விடும் நேரத்தில் நூற்றுக்கணக்கான கருவிகள் அவ்வாறு பேசினால், இரண்டு கருவிகள் ஒரே துண்டில் மோதி இரண்டின் செய்தியும் சிதையும். காக்க வேண்டியோர் மிகுந்த இடத்திலேயே முறை நலிகிறது. நெரிசலுக்கேற்ப முறையை மாற்றிக்கொள்ளும் கருவியே நம்பத் தக்கது என்பது என் துணிபு.

செவிச்செலவை விட்டால், எஞ்சுவது எத்தனை முறை பேசுவது என்னும் கேள்வி. இதற்கு ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலை நிறுவனம் தந்த விடை நயமானது. காலத்தை மட்டும் எண்ணாதே, மாற்றத்தைப் பார் என்கிறது அதன் விதி. முன் அறிவித்த இடத்திலிருந்து 4 மீட்டருக்கு மேல் விலகினாலோ, வேகம் நொடிக்கு அரை மீட்டருக்கு மேல் மாறினாலோ புதுச்செய்தி விடுக்க வேண்டும்; எதுவும் மாறாவிடினும் 5 நொடிக்கு ஒருமுறை பேச வேண்டும். நொடிக்கு 1.4 மீட்டர் நடப்பவர் 4 மீட்டரைக் கடக்க மூன்று நொடி ஆகும். திடுமென ஓடத் தொடங்கினால் வேக விதி உடனே எழுப்பிவிடும். பலர் அருகருகே ஒரே போக்கில் செல்லும்போது, ஒருவரின் கருவி குழுவுக்காகப் பேசப் பிற வாய்மூடியிருக்கவும், பேருந்துக்குள் அமர்ந்தவரின் கருவி முற்றும் ஓயவும் அவ்விதிகள் இடமளிக்கின்றன.

நடப்பவருக்கும் எச்சரிக்கை வரவேண்டுமெனில் செவியை மூடிவைக்க இயலாது. கூட்டாண்மைத் திட்டத்தின் தரநிலைகளில் 2022-இல் நிறைவுற்ற 17ஆம் வெளியீடு, நேரடித் தொடர்பிலும் முறைவைத்து உறங்கி விழிக்கும் வழியைத் தந்தது. உறக்கம் நீள மின் மிஞ்சும், காலம் தாழும். 320 மில்லிநொடிக்கு ஒருமுறை விழிக்கும் கருவி, 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஊர்தியை 5 மீட்டருக்கும் மேல் அணுகவிட்ட பின்னரே அறியக்கூடும். ஆதலால் ஊர்தியை எச்சரிப்பதே முதற்கடன், நடப்பவரை எச்சரிப்பது அடுத்ததே என்று கொள்வது தகும். தடுப்பானை அழுத்தும் கால் ஊர்தியில்தான் இருக்கிறது.

மிதிவண்டியின் நிலை வேறு. அதையும் நடப்போரையும் ஒரே வகையில் அடைப்பது எனக்கு உடன்பாடன்று. மிதிவண்டியின் சக்கரக்குடத்தில் அமரும் மின்னாக்கி 6 வோல்ட்டில் 3 வாட் தரும். அதில் சிறு பங்கே கருவிக்குப் போதும். குறை ஒன்றுண்டு: சக்கரம் நின்றால் மின்னும் நிற்கும். சந்திப்பில் சரக்குந்தின் அருகே காத்து நிற்கையில்தான் மிதிவண்டிக்காரருக்குக் காவல் மிகத் தேவை. மின்னாக்கியால் எரியும் பின்விளக்குகள் இச்சிக்கலை முன்னரே தீர்த்துவிட்டன: சிறிய மின்தேக்கி ஒன்று, வண்டி நின்ற பின்னும் சில நிமிடம் விளக்கை எரியவிடுகிறது. கருவிக்கும் அவ்வாறே ஒரு தேக்கி வைத்தால், பச்சை விளக்கு வரும்வரை அது பேசிக்கொண்டிருக்கும்.