நட்சத்திரக் குறிக்குள் ஒரு தடித்த சொல்

யூஸ்நெட் என்ற கணினிவழி உரையாடல் வலை 1980-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் முயற்சியால் உருவானது. அதில் எழுதுபவர் கையில் இருந்தவை 95 குறிகள் மட்டுமே: ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள், ஓர் இடைவெளி. ஆஸ்கி என்ற 7-பிட் குறியேற்றத்தில் மொத்தமே 128 இடங்கள்தான். மீதி 33 கணினிக்கான கட்டளைகளுக்குப் போய்விட்டன. தடித்த எழுத்தும் சாய்வெழுத்தும் அங்கே கிடையாது.

அதற்காக யாரும் குரலை அடக்கிக்கொண்டு எழுதவில்லை. அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லுக்கு இருபுறமும் நட்சத்திரக் குறி, *இப்படி*. அடிக்கோடு வேண்டுமா, _இப்படி_. முன்பு ஒருவர் சொன்னதை எடுத்துக்காட்ட வரியின் தொடக்கத்தில் ஒரு >. சட்டம் போட்டு யாரும் வகுக்காத இந்த இலக்கணம் பழக்கத்திலேயே ஊறி நிலைத்தது. எனக்கு வியப்பே இதில்தான்.

எழுத்தே கிடைக்காதவர்கள் நிலை இன்னும் கடினம். அந்த 128 இடங்களில் தமிழ் இல்லை. யூஸ்நெட்டின் தமிழ்க் குழுவில் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டியிருந்தது.

1992-இல் நதானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் மின்னஞ்சலுக்கான 'மைம்' என்ற நெறிமுறையை வெளியிட்டார்கள். எந்த மொழியின் எழுத்தையும், படத்தையும், ஒலியையும் அந்தப் பழைய குறிகளாகவே மாற்றி அனுப்பும் வழி அது. இன்றைய யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் 'தமிழ்' என்ற சொல் 15 பைட். மைமின் பேஸ்64 முறையில் அது 20 ஆங்கிலக் குறிகளாகிப் பயணம் செய்து, போய்ச் சேரும் இடத்தில் மீண்டும் தமிழாகிறது.

மைமில் என் மனம் கவர்ந்தது வேறொன்று. ஒரே கடிதத்துக்குள் ஒரே செய்தியை இரண்டு வடிவில் வைக்கலாம்: முதலில் வெற்று உரை, அதன்பின் அலங்கரித்த உரை. பெறுபவரின் மென்பொருள் தனக்குப் புரிந்தவற்றில் கடைசியாக இருப்பதைக் காட்டும். பழைய கணினிக்காரருக்கு எளிய வடிவம், புதியவருக்கு வண்ண வடிவம், யாரும் விடுபடுவதில்லை. ஆனால் பலர் அலங்கார வடிவத்தை மட்டும் அனுப்பினார்கள். எளிய திரையில் படித்தவர்களுக்கு அந்த அலங்காரத்தைக் குறிக்கும் எச்டிஎம்எல்லின் கோண அடைப்புக்குறிகள் கண்ணை மறைத்தன. அவர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது.

2004-இல் ஜான் குரூபர், எளிய குறிகளை அலங்கரித்த உரையாக மாற்றும் 'மார்க்டவுன்' முறையைக் கொண்டுவந்தார். ஆரன் ஸ்வார்ட்ஸ் துணைநின்றார். அப்போது ஸ்வார்ட்ஸுக்கு 17 வயது. குறிகளை மென்பொருள் மாற்றாமல் விட்டாலும் உரை படிக்கும்படி இருக்க வேண்டும் என்பதே குரூபரின் அடிப்படை நிபந்தனை. வரித் தொடக்கத்தில் சிறுகோடு வந்தால் பட்டியல், > வந்தால் மேற்கோள். மென்பொருள் இல்லாதவர் கண்ணுக்கும் அது பட்டியலாகவும் மேற்கோளாகவுமே தெரியும். வெற்று உரை மின்னஞ்சல் எழுதும் பழக்கமே தனக்கு மிகப் பெரிய தூண்டுதல் என்று குரூபரே சொல்லியிருக்கிறார். இல்லாத ஒன்றைத் திணிக்காமல், ஏற்கெனவே கைவந்ததைக் கணினிக்குப் புரியவைத்தார். மார்க்டவுன் பரவியதற்கு இதுவே முதற்காரணம் என்பேன்.

ஆனால் மார்க்டவுன் விதிகளில் சில இடங்கள் தெளிவாக இல்லை. ஆளுக்கொரு விதமாகப் பொருள்கொண்டார்கள். அதைச் சீராக்க 2014-இல் 'காமன்மார்க்' என்ற பொது வரையறை வந்தது. மார்க்டவுனில் ஒற்றை நட்சத்திரம் சாய்வெழுத்து, இரட்டை என்றால் தடித்த எழுத்து. 2016-இல் வாட்ஸ்அப் வேறு வழியில் போனது: ஒற்றை நட்சத்திரத்துக்கே தடித்த எழுத்து, யூஸ்நெட்காரர்கள் எழுதிவந்தது போலவே.