ஐந்தாம் கலன் இல்லாத ஆலை

வேதியியல் ஆலை ஒன்றில் என்ன தவறு நேரக்கூடும், அது எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரும், நேர்ந்தால் எத்தனை உயிர் போகும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பின்பே பணத்தைப் பற்றிய முடிவுக்கு வர வேண்டும் என்பது இடர் மதிப்பீட்டின் அடிப்படை.

இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில் நைலானுக்கான மூலப்பொருளைத் தயாரித்த ஆலையில், வரிசையாக நின்ற ஆறு வினைக்கலன்களுள் ஐந்தாவதில் 1974 மார்ச்சில் விரிசல் காணப்பட்டதும் அதை அகற்றிவிட்டு, உற்பத்தி தடைபடக் கூடாது என்ற அவசரத்தில் நான்காவதையும் ஆறாவதையும் 20 அங்குல வளைகுழாய் ஒன்றால் இணைத்தார்கள். அந்தக் குழாய்க்கு இருந்த ஒரே வரைபடம், பணிமனைத் தரையில் சுண்ணக்கட்டியால் முழு அளவில் இழுத்த கோடுகள்தாம். இரு முனைகளிலும் இருந்த துருத்தி போன்ற நெகிழ் இணைப்புகளை உள்ளிருக்கும் அழுத்தம் எப்படி வளைக்கும் என்று எவரும் கணக்கிடவில்லை. ஜூன் 1 அன்று குழாய் பிய்ந்து, 155 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்த சைக்ளோஹெக்சேன் ஆவிமேகமாகப் பரவி வெடித்ததில் 28 பேர் மாண்டனர். சனிக்கிழமையாதலால் அலுவலகத்தில் ஆளில்லை, இல்லையேல் எண்ணிக்கை பலமடங்காகியிருக்கும்.

இத்தகைய மாற்றங்களைத் துருவிக் கேட்கும் முறை அப்போதே இருந்தது. ஐசிஐ நிறுவனத்தில் 1960களில் உருவான ‘ஹேஸாப்’ ஆய்வில், வடிவமைத்தவரும் இயக்குபவரும் பராமரிப்பவரும் ஒரே மேசையில் வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு குழாயாக எடுத்துக்கொண்டு, ஓட்டம் நின்றால், மிகுந்தால், திரும்பிப் பாய்ந்தால் என்ன ஆகும் என்று வினவுகிறார்கள். நாள்கணக்கில் நீளும் இந்த வேலைக்கு ஆட்களை அனுப்ப நிர்வாகம் தயங்குவது பெருந்தவறு.

அடுத்தது கணக்கு. பத்தாண்டுக்கு ஒருமுறை பழுதாகும் வால்வுக்கு மேல், பத்தில் ஒருமுறை தவறும் எச்சரிக்கை மணியும், நூறில் ஒருமுறை தவறும் தானியங்கி நிறுத்தமும் இருந்தால், விபத்து பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை என்றாகிறது. ஆனால் மணியும் நிறுத்தமும் ஒரே உணரியை நம்பியிருந்தால் இந்தப் பெருக்கல் பொய்யாகிவிடும். மேலும் ஓர் அரண் வேண்டுமா என்பதற்கு, அதன் செலவு குறையும் இடரோடு ஒப்பிடுகையில் அளவு மீறி மிகையானால் மட்டுமே விட்டுவிடலாம் என்ற அளவுகோல், 1949இல் பிரிட்டிஷ் நீதிமன்றம் ஒரு சுரங்க வழக்கில் அளித்த தீர்ப்பிலிருந்து வந்தது.

கணக்கில் உள்ள அரண் களத்திலும் இருக்கிறதா என்று அன்றாடம் பார்த்தாக வேண்டும். 1984 டிசம்பர் 2 இரவு போபாலின் வேதியியல் ஆலையில் நச்சு வாயு கசிந்தபோது, நச்சுத் திரவக் கலனைக் குளிர்விக்கும் கருவி மாதக்கணக்காக நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்தழிக்க வேண்டிய கோபுரமும் குழாய் இணைப்பு கழற்றப்பட்ட நிலையில் நின்றது.