வாயிலைத் திறந்த ஆலோசனை

கல்லூரி ஆலோசகரின் பணி, மாணவர் கற்கவேண்டிய பாடங்களைத் தெரிந்து கொடுப்பதோடு முடிந்துவிடுவதில்லை. கற்பதற்குத் தடையாயிருப்பது யாதென ஆராய்தலும் அப்பணியின் பாற்பட்டதே. கலிபோர்னியாவைச் சேர்ந்த எட் ரொபேர்ட்ஸ் என்பாரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1953ஆம் ஆண்டிலே, பதினான்கு வயதில், இளம்பிள்ளைவாதம் அவரைத் தாக்கிற்று. கைகால்கள் செயலிழந்தன. மூச்சுவிடுவதற்கு ‘இரும்பு நுரையீரல்’ என்னும் பாரிய இயந்திரம் வேண்டியதாயிற்று. சான் மட்டேயோக் கல்லூரியில் அவர் பயின்றபோது, ஜீன் வேர்த் என்னும் ஆலோசகர் பேர்க்கிலிச் சர்வகலாசாலைக்கு விண்ணப்பிக்குமாறு ஊக்குவித்தார். மாநிலப் புனர்வாழ்வுத் திணைக்களமோ, இவர் ஒருபோதும் தொழில் செய்ய மாட்டார் என்று கூறி முதலில் உதவிப் பணத்தை மறுத்தது.

1962இல் ரொபேர்ட்ஸ் பேர்க்கிலியிற் சேர்ந்தார். இயந்திரத்தின் பாரத்தை மாணவர் விடுதி தாங்காதாகையால், சர்வகலாசாலை மருத்துவமனையின் ஒரு பகுதியே அவருக்கு விடுதியாயிற்று. அவரைப் பின்பற்றி வேறு பலரும் அங்கு வந்தனர். 1970இல் அம்மாணவர்களின் முயற்சியால் ஓர் உதவிச் சேவை உருவாயிற்று. உதவியாளரைத் தேடிக்கொடுத்தல், சக்கர நாற்காலியைப் பழுதுபார்த்தல், தகுந்த வீடு காணல் ஆகியன அதன் பணிகள்.

படிக்கட்டுக்கு அருகே ஒரு சாய்தளம், எழுத இயலாதவருக்கு ஓர் எழுதுநர், பரீட்சையில் மேலதிக நேரம் ஆகிய இவை சலுகைகள் அல்ல. வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்றே. அதனை அணுகும் வழி மட்டுமே வேறு.

1975இல், முன்னர் உதவி மறுத்த அதே திணைக்களத்துக்கு ரொபேர்ட்ஸ் பணிப்பாளரானார். மாணவரின் ஆற்றலை அளக்குமுன், அவர்முன் நிற்கும் சுவரை அளத்தலே அறிவுடைமை.