நெருப்பெறும்பின் புற்றில் ராணி ஒன்றா, பலவா?

சிவப்பு நெருப்பெறும்பின் தாயகம் தென் அமெரிக்கா. 1930களில் கப்பல் சரக்கோடு அமெரிக்காவின் மொபீல் துறைமுகத்தில் இறங்கித் தென் மாநிலங்களெங்கும் பரவியது. 2001இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் கண்டறியப்பட்டது. இந்த எறும்பின் சமூகம் இரு வகை: புற்றுக்கு ஒரே ராணி, அல்லது பல ராணிகள்.

ஒற்றை ராணிப் புற்றில் பிறக்கும் இளம் ராணிகள் பறந்து சென்று இணைசேர்ந்து, தனியே புதுப் புற்று அமைக்கும். அண்டைப் புற்றுகளுக்குள் பகை உண்டு; இடைவெளியும் உண்டு. பல ராணி வகையில் ஒரு ராணி வேலைக்கார எறும்புகள் சிலவற்றோடு பிரிந்து பக்கத்திலேயே குடியேறும். பகை குறைவு என்பதால் ஏக்கருக்கு 200 புற்றுகளுக்கு மேலும் நெருங்கி இருக்கும்.

தோற்றத்தை வைத்து இரண்டையும் பிரிப்பது கடினம். தோண்டி எண்ணினாலும் ஆழத்தில் பதுங்கும் ராணிகள் தப்பிவிடும். ஆனால் வேறுபாடு மரபணுவில் பதிந்திருக்கிறது. ஜிபி-9 என்னும் மரபணுவுக்குப் பெரிய பி, சின்ன பி என இரு வடிவங்கள். ஒற்றை ராணிப் புற்றில் பெண் எறும்புகள் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெரிய பியையே பெற்றிருக்கும். பல ராணிப் புற்றின் ராணிகளிடம் இரண்டும் கலந்திருக்கும். அங்கே பெரிய பி மட்டும் உள்ள ராணி முட்டையிடத் தொடங்கினால், சின்ன பி கொண்ட வேலைக்கார எறும்புகளே அதைக் கொன்றுவிடும். இரட்டைச் சின்ன பி பெற்ற பெண் எறும்புகள் பெரும்பாலும் இளமையிலேயே இறந்துவிடுகின்றன.

ஜிபி-9 தனித்து இயங்குவதில்லை. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் அடங்கிய குரோமோசோம் பகுதி ஒன்று தலைகீழாகத் திரும்பியிருப்பதால், அவை கலையாமல் ஒரே கட்டாக அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. 2013இல் இதற்குச் ‘சமூகக் குரோமோசோம்’ என்று பெயர் சூட்டினர். ஜிபி-9 அதன் அடையாளச் சீட்டு.

சோதனைக்கு ஒரு புற்றிலிருந்து வேலைக்கார எறும்புகள் சிலவற்றை எத்தனாலில் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகின்றனர். அவற்றின் டிஎன்ஏவைப் பிரித்து, பிசிஆர் முறையில் இரு வடிவங்களையும் தனித்தனி நீளமுள்ள துண்டுகளாகப் பெருக்குகின்றனர். ஜெல்லில் ஒரு பட்டை தெரிந்தால் ஒற்றை ராணி, இரண்டு தெரிந்தால் பல ராணி. ஓர் எறும்பை மட்டும் சோதித்தால் போதாது. பல ராணிப் புற்றிலும் பெரிய பி மட்டும் உள்ள வேலைக்கார எறும்புகள் உண்டு.

முடிவைப் பொறுத்து ஒழிப்புப் பணி மாறும். ஒற்றை ராணி வகை என்றால் பறந்து செல்லும் தொலைவையும் சேர்த்துத் தேட வேண்டும். பல ராணி வகை என்றால் சுற்றுப்புறத்தை நெருக்கமாகச் சலித்து, மண்ணும் நாற்றுத் தொட்டிகளும் வெளியேறாமல் தடுக்க வேண்டும்.

ராணிகளின் எண்ணிக்கையை இச்சோதனை சொல்லாது. எல்லா நெருப்பெறும்புக்கும் இது பொருந்தவும் செய்யாது. இந்தியாவிலும் காணப்படும் வெப்பமண்டல நெருப்பெறும்பில் ராணிகளின் எண்ணிக்கை ஜிபி-9ஐப் பொறுத்ததல்ல.